மடிக்கணினிகளின் இயங்குதள ஆதரவுக் காலம்

மடிக்கணினியின் இயங்குதள ஆதரவுக் காலம் என்பது, ஒரு மடிக்கணினி தன் இயங்குதளத்தின் புதிய பதிப்புகளையும் பாதுகாப்புத் திருத்தங்களையும் தொடர்ந்து பெறக்கூடிய கால அளவு ஆகும். இக்காலம் முடிந்த பின்னரும் கணினி இயங்கும். ஆனால் அதன் பின்னர் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகள் அதில் திருத்தப்படுவதில்லை. பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு இக்காலம் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை அமைகின்றது. வாங்கிய நான்கே ஆண்டுகளில் புதிய பதிப்புகளை இழந்தவையும், பதினெட்டு ஆண்டுகள் பெற்றுவந்தவையும் உண்டு.

கணினி பழையதாகி வேகம் குன்றுவதால்தான் ஆதரவு முடிகின்றது என்ற கருத்து பரவலாக உள்ளது. 2000களின் நடுப்பகுதி வரை இது பெரும்பாலும் பொருந்தியது. அக்காலத்தில் ஒவ்வொரு புதிய இயங்குதளமும் முந்தையதைவிடப் பன்மடங்கு நினைவகம் கேட்டது. அதன் பின்னர் வன்பொருளின் வளர்ச்சி இயங்குதளங்களின் தேவையை முந்திவிட்டது. இன்று நன்கு இயங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே ஒரு மடிக்கணினியின் ஆதரவு முடிவது வழக்கமாகிவிட்டது. அந்த முடிவைத் தீர்மானிப்பது தேய்மானம் அன்று. இயங்குதளத்தை உருவாக்கும் நிறுவனம் வரையும் எல்லைக்கோடே ஆகும்.

சொற்பொருள்

அன்றாட வழக்கில் ஒன்றாகக் கருதப்படும் இரண்டு செயல்களை இங்கு வேறுபடுத்திக் காண்பது தேவை. இயங்குதளத்தின் ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்பிற்கு மாறுவது மேம்படுத்தல் எனப்படும். விண்டோஸ் 7 இலிருந்து விண்டோஸ் 10 க்கு மாறுவது இதற்கு எடுத்துக்காட்டு. ஒரே பதிப்பிற்குள் வழுக்களையும் பாதுகாப்புக் குறைகளையும் களையும் சிறு திருத்தங்களைப் பெறுவது இற்றைப்படுத்தல் எனப்படும். ஒரு மடிக்கணினி மேம்படுத்தலுக்கான தகுதியை இழந்த பின்னரும் சில ஆண்டுகள் இற்றைகளைப் பெறலாம். பயனரைப் பொறுத்தவரை இரண்டாவது முடிவுதான் முதன்மையானது. புதிய தோற்றமோ புதிய வசதிகளோ இல்லாமல் ஒருவர் பல ஆண்டுகள் பணியாற்ற இயலும். இற்றைகள் நின்ற கணினியை இணையத்தில் இணைத்து வைத்திருப்பது வேறு வகைச் சிக்கல்.

எல்லையை வரையறுக்கும் காரணிகள்

மையச் செயலியே முதற்காரணி. இயங்குதளம் சில ஆணைகளைச் செயலி புரிந்துகொள்ளும் என்ற எதிர்பார்ப்புடன் தொகுக்கப்படுகின்றது. அந்த ஆணைகள் இல்லாத செயலியில் அது தொடங்கவே தொடங்காது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டிற்கான மாற்றம் இவ்வகையில் மிகப் பெரிய எல்லைக்கோடாக அமைந்தது. 2008 ஆம் ஆண்டில் குறுமடிக்கணினிகளில் பரவலாக இடம்பெற்ற இன்டெல் ஆட்டம் என்270 செயலி 32 பிட் மட்டுமே அறிந்தது. அதே காலத்தில் விற்கப்பட்ட கோர் 2 டுவோ செயலி 64 பிட்டும் அறிந்தது. ஏறத்தாழ ஒரே வயதுடைய இவ்விரண்டின் பிற்கால வாழ்வு முற்றிலும் வேறுபட்டது.

இரண்டாவது காரணி, டிரைவர் என வழங்கப்படும் வன்பொருள் இயக்கி மென்பொருள். வரைகலைச் சில்லு, கம்பியில்லாப் பிணைய அட்டை, ஒலி அட்டை முதலியவற்றுக்கு இவற்றை எழுதுவது பெரும்பாலும் அந்தந்தச் சில்லைத் தயாரித்த நிறுவனமே. அந்நிறுவனம் எழுதுவதை நிறுத்திவிட்டால், இயங்குதள நிறுவனம் விரும்பினாலும் அக்கணினியை முன்னெடுத்துச் செல்வது கடினம். இன்டெல் குளோவர் டிரெயில் வகை ஆட்டம் செயலிகளைக் கொண்ட கணினிகளுக்கு 2017 ஆம் ஆண்டில் இதுவே நேர்ந்தது. இவை விண்டோஸ் 8 உடன் விற்கப்பட்டு, விண்டோஸ் 10 க்கு மேம்படுத்தப்பட்டவை. இவற்றின் வரைகலைப் பகுதி வேறொரு நிறுவனத்தின் வடிவமைப்பைத் தழுவியது. இன்டெல் இச்சில்லுகளுக்கான ஆதரவை முடித்துக்கொண்டதால், 2017 இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பை இவை ஏற்க இயலவில்லை. மைக்ரோசாப்ட் இவற்றுக்கு முந்தைய பதிப்பிலேயே 2023 ஜனவரி வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் வழங்கியது. விண்டோஸ் 10 வெளியானபோது, கருவியின் ஆதரவுக் காலம் முழுவதும் இற்றைகள் வழங்கப்படும் என அந்நிறுவனம் அறிவித்திருந்தது. அத்தொடரில் ஆதரவுக் காலம் என்பதன் பொருள் இந்நிகழ்விற்குப் பின்னரே பலருக்கு விளங்கியது.

மூன்றாவதாக, தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருளும் செயலியின் உள்ளே இயங்கும் நுண்நிரலும் இயங்குதளத்திற்குக் கீழே உள்ள அடுக்குகளாகும். இவற்றுக்கும் தனி ஆயுள் உண்டு. 2018 ஜனவரியில் வெளிப்பட்ட ஸ்பெக்டர், மெல்ட்டவுன் ஆகிய குறைகள் செயலியின் வடிவமைப்பிலேயே இருந்தவை. ஸ்பெக்டரின் ஒரு வகைக்கு இன்டெல் புதிய நுண்நிரல்களை வெளியிட்டது. ஆனால் கோர் 2 வரிசை உள்ளிட்ட சில பழைய செயலிகளுக்கு அவை வழங்கப்படமாட்டா என அதே ஆண்டு ஏப்ரலில் அறிவித்தது. ஆகவே அத்தகைய மடிக்கணினியில் அன்றைய புதிய இயங்குதளத்தை நிறுவினாலும் கீழடுக்கு பழையதாகவே இருக்கும்.

பாதுகாப்பான தொடக்கம் என்னும் வசதிக்கான சான்றிதழ்களும் இதே வகையினவே. மைக்ரோசாப்ட் 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட இச்சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் படிப்படியாகக் காலாவதியாகுமாறு அமைக்கப்பட்டவை. இவற்றுக்கு மாற்றாக 2023 ஆம் ஆண்டின் சான்றிதழ்கள் இற்றைகள் வழியே வழங்கப்படுகின்றன. சில பழைய கணினிகளில் இம்மாற்றத்திற்கு உற்பத்தியாளரின் நிலைபொருள் இற்றையும் தேவைப்படும். புதிய சான்றிதழ் பெறாத கணினி தொடர்ந்து இயங்கும். எனினும் தொடக்க நிலை மென்பொருளுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை அதனால் ஏற்க இயலாது.

நினைவகமும் சேமிப்பிடமும் கடைசிக் காரணிகள். மேசைக் கணினியைப் போலன்றி, பல மடிக்கணினிகளில் நினைவகம் தாய்ப்பலகையுடன் பற்றவைக்கப்பட்டிருப்பதால் வாங்கிய அன்று இருந்த அளவே இறுதி வரை. 32 கிகாபைட் சேமிப்பிடத்துடன் விற்கப்பட்ட மலிவு விலை மடிக்கணினிகள் பலவற்றில், விண்டோஸ் 10 இன் புதிய பதிப்பை இறக்கி விரிப்பதற்கு இடமின்றி மேம்படுத்தல் பாதியில் நின்றுபோனது. இவை தகுதி இருந்தும் மேம்படுத்த இயலாத கணினிகள்.

விண்டோஸ்

விண்டோஸ் இயங்குதளத்தின் தேவைகள் வளர்ந்த விதம் இவ்விடயத்தின் வரலாற்றையே காட்டுகின்றது. 2001 அக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி குறைந்தது 64 மெகாபைட் நினைவகம் கேட்டது. 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டா 512 மெகாபைட் கேட்டது. அதாவது ஐந்தே ஆண்டுகளில் எட்டு மடங்கு. விஸ்டா வெளிவருவதற்கு முன் விற்கப்பட்ட மடிக்கணினிகளில், அவை விஸ்டாவை ஏற்கும் திறனுடையவை என்ற ஒட்டு முத்திரை இடம்பெற்றது. அவற்றுள் இன்டெல் 915 வகைச் சில்லுத்தொகுதி கொண்டவை விஸ்டாவின் கண்ணாடித் தோற்றமான ஏரோவை இயக்க இயலாதவை. இதன் தொடர்பாக 2007 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டு, நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்கள் பல வெளிவந்தன. 2009 இல் நீதிமன்றம் அவ்வழக்கின் கூட்டு வழக்குத் தகுதியை நீக்கியது. மேம்படுத்தல் குறித்து வாங்குவோருக்கு அளிக்கப்படும் உறுதிமொழி எவ்வளவு நெகிழ்வானது என்பதை உலகம் கண்ட முதற்பெரு நிகழ்வு இதுவெனலாம்.

விஸ்டாவுக்குப் பின் தேவை உயர்வது நின்றுவிட்டது. 2009 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 7 இன் 32 பிட் பதிப்பு 1 கிகாஹெர்ட்ஸ் செயலியும் 1 கிகாபைட் நினைவகமும் கேட்டது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் 2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10 கேட்டதும் அதே அளவே. விண்டோஸ் 7, 8.1 பயனர்களுக்கு முதல் ஓராண்டு இது இலவச மேம்படுத்தலாகவும் வழங்கப்பட்டது. இதனால் 2007 ஆம் ஆண்டில் விஸ்டாவுடன் வாங்கப்பட்ட ஒரு கோர் 2 டுவோ மடிக்கணினி, வன்பொருள் இயக்கிகள் இணங்கிய இடங்களில், விண்டோஸ் 10 இன் ஆதரவு முடிந்த 2025 அக்டோபர் 14 வரை முறையான இற்றைகளைப் பெற முடிந்தது. இது பதினெட்டு ஆண்டுகள் ஆகும்.

2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11 இந்த ஒழுங்கை மாற்றியது. 4 கிகாபைட் நினைவகம், 64 கிகாபைட் சேமிப்பிடம் ஆகியவை பெரிய தடைகள் அல்ல. டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு, பாதுகாப்பான தொடக்கத்திற்கான வசதி, அனுமதிக்கப்பட்ட செயலிகளின் பட்டியல் ஆகிய மூன்றுமே புதிய எல்லைக்கோடுகள். இன்டெல் செயலிகளில் 2017 இன் பிற்பகுதியில் வந்த எட்டாம் தலைமுறையும், ஏஎம்டி செயலிகளில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தியவையும் ஏற்கப்பட்டன. ஆகவே 2017 ஆம் ஆண்டில் ஏழாம் தலைமுறைச் செயலியுடன் வாங்கப்பட்ட மடிக்கணினிக்கும் விண்டோஸ் 10 தான் இறுதி நிலையம். பத்தாண்டு இடைவெளியில் வாங்கப்பட்ட இரண்டு கணினிகள், ஒன்று பதினெட்டு வயதிலும் மற்றொன்று எட்டு வயதிலும், ஒரே நாளில் ஆதரவை இழந்தன. 2017 ஜூனில் மைக்ரோசாப்டே விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் சர்ஃபேஸ் மடிக்கணினியும் இதில் அடங்கும்.

இக்கோட்டிற்குப் பாதுகாப்பும் நம்பகத்தன்மையும் காரணங்களாகக் கூறப்பட்டன. டிபிஎம் சில்லு குறியீட்டுத் திறவுகோல்களைப் பிற மென்பொருள் எட்டாத இடத்தில் வைக்கின்றது என்பதும், இயங்குதளக் கருனியை மெய்நிகராக்கத்தின் துணையுடன் காப்பது பெரும் பயன் தரும் என்பதும் உண்மையே. எனினும் கோடு வரையப்பட்ட இடத்தை இக்காரணங்கள் முழுமையாக விளக்கவில்லை. 2016 ஜூலை இறுதி முதல் விற்கப்படும் புதிய விண்டோஸ் கணினிகளில் டிபிஎம் 2.0 இருத்தல் வேண்டும் என மைக்ரோசாப்ட் ஏற்கனவே விதித்திருந்தது. கருனிப் பாதுகாப்பின் வேக இழப்பைக் குறைக்கும் வன்பொருள் வசதியும் இன்டெல்லின் ஏழாம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. அத்தலைமுறையின் மடிக்கணினிச் செயலிகளுள் விதிவிலக்குப் பெற்றது கோர் ஐ7 7820எச்கியூ ஒன்றே. அதுவும் குறிப்பிட்ட சில கணினிகளில் மட்டும். மைக்ரோசாப்ட் அப்போது விற்றுவந்த சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2 கணினியில் இருந்தது அச்செயலி என்பது குறிப்பிடத்தக்கது.

பட்டியலில் இல்லாத கணினிகளிலும் சில மாற்று வழிகளால் விண்டோஸ் 11 ஐ நிறுவ இயன்றது. அத்தகைய கணினிகளுக்கு இற்றைகள் உறுதியில்லை என்ற எச்சரிக்கையுடன் இது அமைந்தது. 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பு எஸ்எஸ்இ 4.2 தொகுதியின் ஆணைகளைக் கட்டாயமாக்கியது. இவ்வாணைகள் இல்லாத கோர் 2 டுவோ கணினிகளில் அதன் பின்னர் எந்த மாற்று வழியும் பயன்படாது. முன்னையது கொள்கையால் வரைந்த கோடு. இது செயலியாலேயே கடக்க முடியாத கோடு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் எந்தப் பழைய கணினியிலும் விண்டோஸ் 11 இயங்கும் என்றும், எதிலும் இயங்காது என்றும் முரண்பட்ட செய்திகள் பரவின.

விண்டோஸ் 10 பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரையிலான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் அறிவிக்கப்பட்டன. தனிநபர்களுக்கு 30 அமெரிக்க டாலர் கட்டணம், அல்லது மைக்ரோசாப்ட் கணக்குடன் அமைப்புகளை இணைத்தல் முதலிய மாற்றுகள் வைக்கப்பட்டன. நுகர்வோர் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பின் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இந்நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. நிறுவனங்கள் ஆண்டுதோறும் இரட்டிக்கும் கட்டணத்தில் மூன்று ஆண்டுகள் வரை இதனைப் பெறலாம். விண்டோஸ் 11 க்கு மாற இயலாத கணினிகளால் சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குச் செல்லக்கூடும் என கனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது.

மாக்

ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிகளுக்கான ஆதரவு முடியும் நாளை முன்கூட்டி அறிவிப்பதில்லை. ஆண்டுதோறும் ஜூனில் புதிய பதிப்பை அறிமுகப்படுத்தும்போது வெளியிடப்படும் பட்டியலில் தன் கணினி இல்லாததைக் கண்டே பயனர் அறிந்துகொள்கிறார். நடைமுறையில் புதிய பதிப்புடன் அதற்கு முந்தைய இரண்டு பதிப்புகளும் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுகின்றன. எனவே பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட கணினிக்கு மேலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கிடைக்கும்.

ஆப்பிளின் எல்லைக்கோடுகளுள் மிகக் கடுமையானவை செயலிக் குடும்பத்தை மாற்றிய காலங்களில் அமைந்தன. 2006 இல் இன்டெல் செயலிகளுக்கு மாறியபோது, பவர்பிசி செயலி கொண்ட கடைசி மடிக்கணினிகள் அவ்வாண்டிலும் விற்பனையில் இருந்தன. 2009 ஆகஸ்டில் வெளியான ஸ்னோ லெப்பர்ட் இன்டெல் கணினிகளுக்கு மட்டுமே ஆனது. அவற்றை வாங்கியவர்களுக்குக் கிடைத்தது நான்கு ஆண்டுகளுக்கும் குறைவு. 2006 இன் முதல் இன்டெல் மடிக்கணினிகளும் அதிகம் தப்பவில்லை. அவற்றின் கோர் டுவோ செயலி 32 பிட் என்பதால், 2011 இல் வந்த லயன் பதிப்பு அவற்றைக் கைவிட்டது. புதிய தொழில்நுட்பத்தின் முதல் மாதிரியை வாங்குவோர் அதன் விலையை இவ்விதமும் செலுத்துகின்றனர்.

2020 இல் ஆப்பிள் தன் சொந்தச் செயலிகளுக்கு மாறியபோது இதே காட்சி திரும்பியது. மாக்புக் ஏர் என்ற ஒரே பெயரில், 2020 மார்ச்சில் இன்டெல் செயலியுடன் ஒன்றும், நவம்பரில் எம்1 செயலியுடன் மற்றொன்றும் வெளிவந்தன. 2025 செப்டம்பரில் வெளியான தாஹோ பதிப்பு முன்னதை ஏற்கவில்லை; பின்னதை ஏற்றது. 2019 இன் 16 அங்குல மாக்புக் ப்ரோ உள்ளிட்ட ஒருசில இன்டெல் கணினிகளுக்கு மட்டும் தாஹோ இடமளித்தது. இன்டெல் கணினிகளுக்கான இறுதிப் பதிப்பு அதுவே என ஆப்பிள் அறிவித்தது.

எல்லாக் கோடுகளும் இவ்வாறு செயலியால் ஆனவை அல்ல. 2018 இன் மொஹாவி பதிப்பு மெட்டல் என்னும் வரைகலை இடைமுகத்தைக் கட்டாயமாக்கியதால், 2012 க்கு முந்தைய மடிக்கணினிகள் நீங்கின.

காலக் கணக்கின் தொடக்கம்

ஆதரவுக் காலத்தைக் கணக்கிடும்போது பயனர்கள் தாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணுவது இயல்பு. ஆனால் நிறுவனங்கள் அந்த மாதிரி அல்லது செயலி அறிமுகமான நாளிலிருந்தே எண்ணுகின்றன. இந்த வேறுபாட்டைக் காட்டும் தெளிவான எடுத்துக்காட்டு, திரை மேம்பாடு பெறாத 13 அங்குல மாக்புக் ப்ரோ 2012 மாதிரி. இது 2012 ஜூனில் அறிமுகமாகி, மாற்றம் ஏதுமின்றி 2016 அக்டோபர் வரை விற்கப்பட்டது. இது ஏற்ற கடைசிப் பதிப்பு கேட்டலினா. அடுத்த பதிப்பான பிக் சர் 2020 நவம்பரில் வெளிவந்தபோது மேம்படுத்தல் நின்றது. முதல் மாதத்தில் வாங்கியவருக்கு எட்டு ஆண்டுகளும், கடைசி மாதத்தில் வாங்கியவருக்கு நான்கு ஆண்டுகளும் கிடைத்தன. கேட்டலினாவுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 இன் நடுப்பகுதி வரை வந்ததைச் சேர்த்தால் இது முறையே பத்து, ஆறு ஆண்டுகளை நெருங்கும். இருவரும் வாங்கியது ஒரே கணினியைத்தான்.

பயன்படுத்திய கணினிகளையும், தள்ளுபடியில் விற்கப்படும் பழைய இருப்பையும் வாங்குவோருக்கு இதனால் ஏற்படும் இழப்பு பெரிது. விலைச் சீட்டில் செயலியின் வேகமும் நினைவகமும் அச்சிடப்படுகின்றன. எஞ்சியுள்ள ஆதரவு ஆண்டுகள் அச்சிடப்படுவதில்லை.

குரோம்புக்

2011 இல் விற்பனைக்கு வந்த குரோம்புக் மடிக்கணினிகளுக்குத் தானியங்கி இற்றைகள் முடியும் நாள் முன்கூட்டியே வெளியிடப்படுகின்றது. இவ்வகையில் இவை வெளிப்படையானவை. தொடக்கத்தில் இக்காலம் ஐந்து ஆண்டுகள் அளவே இருந்தது. பள்ளிகள் மொத்தமாக வாங்கிய கணினிகள் சில ஆண்டுகளிலேயே காலாவதியாவதை அமெரிக்காவின் பொதுநலன் ஆய்வுக் குழு ஒன்று 2023 ஏப்ரலில் அறிக்கையாக வெளியிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் கூகுள் இக்காலத்தைப் பத்து ஆண்டுகளாக நீட்டியது. இங்கும் எண்ணிக்கை தொடங்குவது அக்கணினியின் வன்பொருள் தளம் அறிமுகமான நாளிலிருந்தே.

லினக்ஸ்

லினக்ஸில் கணினிக்கு ஆதரவு முடியும் நாள் என ஒன்று இல்லை. ஒரு வன்பொருளின் இயக்கி நிரல் கருனியின் மூலநிரலிலேயே இடம்பெற்றிருந்தால், அதனைப் பேணுவோர் இருக்கும் வரை ஆதரவும் நீடிக்கும். 1985 இல் வெளியான இன்டெல் 386 செயலிக்கான ஆதரவு 2013 இல் வந்த 3.8 கருனியிலிருந்துதான் நீக்கப்பட்டது. லினக்ஸ் முதன்முதலில் எழுதப்பட்டதே அச்செயலிக்காகத்தான் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

ஆயினும் வழங்கல்களுக்குத் தனித்தனி எல்லைகள் உண்டு. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் ஐந்து ஆண்டுகள் இற்றைகளைப் பெறுகின்றன. பெடோரா 2019 இலும், டெபியன் 2025 ஆகஸ்டில் வந்த 13 ஆம் பதிப்பிலும் 32 பிட் கணினிகளுக்கான கருனியைக் கைவிட்டன. முன்னர் கூறிய ஆட்டம் என்270 குறுமடிக்கணினிகளுக்குப் பெரிய வழங்கல்களின் கதவு இவ்வாறு மூடியது. நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி போன்றவை இவற்றை இன்னும் ஏற்கின்றன.

எல்லைக்கோடு தவறான இடத்தில் விழுந்த நிகழ்வு ஒன்றும் உண்டு. உபுண்டு 12.10 பதிப்பு, 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தை அணுக உதவும் பிஏஇ வசதியைச் செயலியில் கட்டாயமாக்கியது. 2003 முதல் 2005 வரை மடிக்கணினிகளில் இடம்பெற்ற பென்டியம் எம் செயலிகள் பலவற்றில் அவ்வசதி உண்மையில் இருந்தது. ஆனால் இருப்பதாக அவை அறிவிப்பதில்லை. இல்லை என்று சொன்னதை நம்பி நிறுவல் நின்றது. 14.04 பதிப்பில் செயலியின் சொல்லைப் பொருட்படுத்தாமல் தொடங்கச் செய்யும் ஒரு சொல் சேர்க்கப்பட்டு, அம்மடிக்கணினிகள் மீண்டும் இயங்கின.

மூலநிரல் திறக்கப்படாத இயக்கிகள் லினக்ஸிலும் தடையே. என்விடியாவின் 340 வரிசை இயக்கிகளின் ஆதரவு 2019 இறுதியிலும், 390 வரிசையினது 2022 இறுதியிலும் முடிந்தன. அதன் பின்னர் அவ்வரைகலைச் சில்லுகள் தன்னார்வலர்கள் எழுதிய நூவோ இயக்கியையே நம்பியுள்ளன. அது பல சில்லுகளில் வேகம் குறைந்தது.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவை விண்டோஸ் 7 உடன் பாஸ் லினக்ஸையும் கொண்டிருந்தன. விண்டோஸ் 7 இன் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. அக்காலச் செயலிகள் விண்டோஸ் 11 இன் பட்டியலில் இல்லை. 64 பிட் செயலி கொண்ட இக்கணினிகளுக்கு இன்று எஞ்சியுள்ள முழுமையான வழி ஏதேனும் ஒரு லினக்ஸ் வழங்கலே ஆகும்.

ஆதரவு முடிந்த பின்

ஆதரவு முடிந்த மறுநாள் கணினியில் எந்த மாற்றமும் தெரிவதில்லை. இழப்பு படிப்படியாகவே வருகின்றது. முதலில் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கின்றன. 2017 மே 12 அன்று பரவிய வான்னாகிரை தாக்குதலின்போது, ஆதரவு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் விதிவிலக்காகத் திருத்தம் வெளியிட்டது. ஆனால் அத்தாக்குதலில் பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது, நிறுவப்படவில்லை. ஆதரவு இருப்பதும் இற்றைகள் நிறுவப்படுவதும் வேறுவேறு.

அடுத்து உலாவிகள் விலகுகின்றன. கூகுள் குரோம் உலாவி எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் 2016 ஏப்ரலிலும், விண்டோஸ் 7 க்கும் 8.1 க்கும் 2023 தொடக்கத்திலும் இற்றைகளை நிறுத்தியது. பயர்பாக்ஸ் பொதுவாக மேலும் சில ஆண்டுகள் பழைய இயங்குதளங்களைத் தாங்கிவந்துள்ளது. உலாவி நின்ற பின்னரே பெரும்பாலான பயனர்கள் தம் கணினியின் காலம் முடிந்ததை உணர்கின்றனர். வங்கித் தளங்களும் மின்னஞ்சலும் திறக்க மறுக்கும் நிலை அப்போதுதான் வருகின்றது.

சான்றிதழ்கள் மூன்றாவது இழப்பு. இணையத்தளங்களை நம்பகமானவை என உறுதிசெய்யும் மூலச் சான்றிதழ்கள் இயங்குதளத்துடன் வருபவை. அவற்றுக்கும் காலாவதி நாள் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று அத்தகைய சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழைப் பயன்படுத்திய எண்ணற்ற தளங்கள் பழைய மாக் கணினிகளில் திடீரெனத் திறக்காமற்போயின. தனக்கெனச் சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருக்கும் பயர்பாக்ஸ் அக்கணினிகளிலும் தொடர்ந்து இயங்கியது.

காலத்தை நீட்டிக்கும் வழிகள்

சுழலும் வன்தட்டை நீக்கித் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்துவதும், இயன்றால் நினைவகத்தைக் கூட்டுவதும் பழைய மடிக்கணினியின் வேகத்தை வெகுவாக உயர்த்தும். ஆனால் இவை தகுதிப் பட்டியலில் இடம் பெற்றுத் தருவதில்லை. மாக் கணினிகளுக்கு ஓபன்கோர் லெகசி பேட்சர் என்னும் தன்னார்வத் திட்டம், ஆப்பிள் கைவிட்ட கணினிகள் பலவற்றிலும் புதிய பதிப்புகளை நிறுவ உதவியுள்ளது. கைவிடப்பட்டவற்றுள் எவை இயலாமையால் விடப்பட்டவை, எவை விருப்பமின்மையால் விடப்பட்டவை என்பதற்கு இத்திட்டம் ஓரளவு சான்றாகவும் அமைகின்றது. கூகுளின் குரோம் ஓஎஸ் பிளெக்ஸ் 2022 முதல் பழைய விண்டோஸ், மாக் மடிக்கணினிகளில் நிறுவத்தக்கதாகக் கிடைக்கின்றது. எனினும் அதற்கும் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் முடிவு நாளும் உண்டு.

சட்டங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த சூழல் வடிவமைப்பு விதிகள், திறன்பேசிகளுக்கும் கைக்கணினிகளுக்கும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இயங்குதள இற்றைகள் கிடைப்பதை உறுதிசெய்ய முனைகின்றன. இவ்வைந்து ஆண்டுகள் எண்ணப்படுவது அம்மாதிரியின் கடைசிக் கருவி சந்தைக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து. மாக்புக் ப்ரோ 2012 போன்ற நேர்வுகளில் கடைசியாக வாங்கியவர் பெறாத நியாயம் இவ்விதியில் உள்ளது. ஆனால் இவ்விதி மடிக்கணினிகளுக்குப் பொருந்தாது. மடிக்கணினிகளையும் உள்ளடக்கும் இணையப் பாதுகாப்புத் தாங்குதிறன் சட்டம் 2024 இல் நிறைவேறியது. குறைந்தது ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புக் குறைகளைக் களைய வேண்டும் என்றும், ஆதரவு முடியும் நாளை வாங்கும்போதே தெரிவிக்க வேண்டும் என்றும் அது கோருகின்றது. ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவாகவே பயன்படும் எனக் கருதத்தக்க பொருட்களுக்கு அதில் விலக்கு உண்டு. அதன் முதன்மைக் கடப்பாடுகள் நடைமுறைக்கு வருவதற்குக் குறிக்கப்பட்டுள்ள நாள் 2027 டிசம்பர் 11.